ஓர் ஆர் குறைகிறது

பிராட்ஃபோர்டில், தரைவிரிப்புக் கடைக்கு மேல்மாடியில்
வழக்கறிஞர் மிஸ் ஆத்வெல்லின் அறை.
புதுக் கம்பளத்தின் ரப்பர் வாசனை
படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கிறது.
பிழை இருந்தால் ஐந்து வேலைநாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.
இன்று நான்காவது நாள்.

நேர்காணலின் தட்டச்சுப் படி, அறுபத்தொரு பக்கம்.
அவர் ஆங்கிலத்தில் வாசிக்க வாசிக்க
நிமலரூபன் சொன்னதை
நிமலரூபனிடமே தமிழில் திருப்பிக் கொடுக்கிறேன்.
தாளில் உள்ளது உள்ளபடி.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
நல்லெண்ணத்தில்கூடத் திருத்தக் கூடாது.
அதற்குத்தான் மணிக்கணக்கில் சம்பளம்.

பன்னிரண்டாம் கேள்வியில் அவன் அப்பா
ஒரு பால்பண்ணையை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார்.
டயரிக்கும் டெய்ரிக்கும் நடுவில்
இரண்டு எழுத்து இடம் மாறி உட்கார்ந்ததில் வந்த வினை.
மூவரும் சிரித்தோம்.
"எத்தனை மாடு?" என்றான் அவன்.

நாற்பதாம் கேள்வியில்
காட்டுக்குள் ஒற்றையடி விசாரணை ஒன்று வளைந்து வளைந்து போனது.
டிரெயில் எப்படியோ டிரையல் ஆகியிருந்தது.
இதற்கு மிஸ் ஆத்வெல் சிரிக்கவில்லை.
எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்று கேட்பார்கள், என்றார்.

தட்டச்சு செய்தவரை நான் குறை சொல்லவில்லை.
நான் தூத்துக்குடிக்காரி, டிக்கெட் என்று எழுதுவேன்.
அவன் ரிக்கெற் என்பான்.
'ரக்சி பிடிச்சு வாறன்' என்று காலையில் வந்த செய்தியை
பஸ் நிறுத்தத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
ஒரு ரகரம் தடித்தால் கரை கறையாகிவிடும்
என்பதும் தெரியாதவள் இல்லை.

தொண்ணூற்று நான்கு:
உடலில் அடையாளம் ஏதும் உண்டா?

மிஸ் ஆத்வெல்லின் வாய் ஸ்கார்ட் என்றது.
என் கையிலிருந்த படியில் ஸ்கேர்ட்.
பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர்,
இல்லாத ஆர் ஒன்றை
அவர் கண்ணே போட்டுக்கொண்டு போய்விட்டது.
என்னைப்போல் வந்தேறிப் படித்தவர்கள்தான்
ஒவ்வொரு எழுத்தாகக் கால்வைத்து நடப்பது.

தாளில் உள்ளது உள்ளபடி.
சொன்னேன்:
"என் முதுகு பயந்திருக்கிறது,
தோளிலிருந்து இடுப்பு வரை."

அவன் பேசவில்லை.
கீழே கடையில் யாரோ கம்பளத்தை உருட்டி
தொப்பென்று போட்டார்கள்.
"ஓம்," என்றான். "அதுவும்தான்."

அப்போதுதான் பார்த்தேன்,
நாற்காலியைச் சுவரோடு ஒட்டி இழுத்துப் போட்டிருந்தான்.
ஹீட்டர் பக்கம் குளிருக்காக என்று நினைத்திருந்தேன்.
பஸ்ஸிலும் கடைசி இருக்கைதான் அவனுக்கு,
பின்னால் ஆளில்லாத இருக்கை.

விஷயத்தைச் சொன்னதும்
மிஸ் ஆத்வெல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை முகத்தருகே பிடித்தார்.
மருத்துவர் அறிக்கையில் பதினொரு தழும்பு,
இங்கே வெறும் பயம்.
முரண்பாடு என்று ஒரே சொல்லில் எழுதி மூடிவிடுவார்கள்.
கறுப்பு மையால் ஒரு கூரை போட்டு
அதன் மேல் ஓர் ஆரை ஏற்றினார்.
ஓரத்தில் சுருக்கொப்பம். தேதி.

"பழசை வெட்டிப்போட்டாவோ?"

இல்லை, எதையும் வெட்டவில்லை என்றேன்.
நடுவில் ஓர் எழுத்துச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.
விரலால் அந்த ஆரை மட்டும் மறைத்தான்,
எடுத்தான், மறுபடி மறைத்தான்.
"அப்ப, பயம் உள்ளுக்கைதான் கிடக்குது
என்ன அக்கா?"

என்ன சொல்கிறார், என்று கேட்டார் மிஸ் ஆத்வெல்.

பதினேழு வருடமாக இந்த வேலை.
கூட்டியதில்லை. குறைத்ததில்லை.
"எழுத்து சரியாக இருக்கிறதாம்," என்றேன்.

நல்லது, என்று பக்கத்தைப் புரட்டினார்.
தொண்ணூற்று ஐந்து.